மின் குறிப்பேட்டைத் தேர்ந்தெடுத்தல்

விஞ்ஞானத் துறையில் உழைப்போர், ஆய்வுக்கூடத்தில் பணிபுரிபவராயினும் காட்டிலும் மலையிலும் அளவெடுப்பவராயினும், நாள்தோறும் தவறாது செய்யும் பணிகளுள் குறிப்பெடுத்தலும் ஒன்றாகும். படித்த நூலின் பக்க எண், சோதனையின்போது கண்ட வெப்பநிலை, கூட்டத்தில் எடுத்த முடிவு, நள்ளிரவில் தோன்றிய ஐயம் ஆகிய யாவும் எங்கேனும் எழுதி வைக்கப்படுகின்றன. எழுதி வைப்பது எளிது. மூன்றாண்டு கழித்து அதே குறிப்பு தேவைப்படும்போது அதனைக் கண்டெடுப்பதே அரிது.

கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் இயங்கும் குறிப்பெடுக்கும் செயலிகள் இந்நாளில் பல கிடைக்கின்றன. அவற்றைப் பற்றிய விளம்பரங்கள் பெரும்பாலும் எழுதும் வசதியையும் பக்கத்தின் அழகையுமே எடுத்துரைக்கின்றன. ஆனால் இத்தகைய செயலி ஒன்றின் தகுதியை நிர்ணயிக்கும் உரைகல், அதிலிருந்து குறிப்பை வெளியே எடுக்கும் வசதியே ஆகும். வெளியே எடுத்தல் இருவகைப்படும். வேண்டியபோது ஒரு குறிப்பைத் தேடி எடுத்தல் ஒன்று. அச்செயலியையே விட்டு நீங்க நேரும்போது குறிப்புகள் அனைத்தையும் பெயர்த்துக்கொண்டு செல்லுதல் மற்றொன்று. இவ்விரண்டையும் முன்னிட்டே செயலியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

சீட்டுகளின் காலம்

இது கணிப்பொறி தோன்றிய பின் எழுந்த பிரச்சினை எனக் கருதுதல் தவறு. உயிரினங்களுக்கு இருசொற்பெயர் வழங்கும் முறையை நிலைநிறுத்திய கார்ல் லின்னேயஸ் (1707–1778) நெடுங்காலம் கட்டுண்ட ஏடுகளிலேயே குறிப்பெழுதி வந்தார். புதிய இனங்கள் பற்றிய செய்திகள் வந்து குவியக் குவிய, முன்பே நிரம்பிய பக்கங்களுக்கிடையே அவற்றைப் புகுத்த இடமின்றிப் போயிற்று. பிற்காலத்தில் அவர் ஒரே அளவான சிறு தாள்சீட்டுகளைக் கையாளலானார். சீட்டை எடுத்து வேறோரிடத்தில் செருகலாம்; ஏட்டின் பக்கத்தை அவ்வாறு செய்தல் இயலாது.

ஜெர்மானியச் சமூகவியல் அறிஞராகிய நிக்லாஸ் லூமான் (1927–1998) தம் வாழ்நாளில் சுமார் 90,000 சீட்டுகளை எழுதிச் சேர்த்தார். ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எண் உண்டு. ஒரு சீட்டில் மற்றொரு சீட்டின் எண்ணைக் குறித்து வைப்பார். இவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செல்லும் பாதைகள் அமைந்தன. இதே கருத்தை அமெரிக்கப் பொறியியல் அறிஞர் வானிவார் புஷ், 1945 ஜூலையில் வெளியான ஒரு கட்டுரையில், நுண்படச்சுருளைக் கொண்டு இயங்கும் மேசை வடிவில் கற்பனை செய்திருந்தார். அம்மேசை செய்யப்படவேயில்லை. அதற்கு அவர் அளித்த ‘மெமெக்ஸ்’ என்ற பெயர் மட்டும் இன்றளவும் எடுத்தாளப்படுகின்றது.

செயலியின் மூன்று உறுப்புகள்

எந்தக் குறிப்புச் செயலியாயினும் அதில் மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது, நாம் எழுதும் திரை. இரண்டாவது, எழுதியவை சேமிக்கப்படும் களஞ்சியம். மூன்றாவது, ஒரே குறிப்பைக் கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் ஒன்றுபோல் வைத்திருக்கும் ஒத்திசைவு. கடைக்குச் சென்று பொருள் வாங்குபவர் போல் நாம் முதலாவதை மட்டுமே கண்டு மயங்குகின்றோம். இடர் விளைவதோ பின்னிரண்டிலும்தான்.

களஞ்சியம் இருக்குமிடத்தைக் கொண்டு செயலிகளை இரு குடும்பங்களாகப் பிரிக்கலாம். ஒரு குடும்பத்தில், குறிப்பின் மூலப்பிரதி நிறுவனத்தின் சர்வர் எனப்படும் தொலைவிலுள்ள கணிப்பொறியில் இருக்கும். நம் கருவியில் இருப்பது அதன் நகலே. கூகுள் கீப், நோஷன், எவர்நோட் ஆகியவை இவ்வகையின. மற்றக் குடும்பத்தில், மூலப்பிரதி நம் கருவியிலேயே இருக்கும். விரும்பினால் அதனைப் பிற கருவிகளுக்கு அனுப்பிக்கொள்ளலாம். 2020-இல் வெளிவந்த ஆப்சிடியன், திறந்த மூலநிரலையுடைய ஜாப்ளின், வானியல் அறிஞர் கார்ஸ்டன் டொமினிக் 2003-இல் தம் சொந்தத் தேவைக்காக உருவாக்கத் தொடங்கிய ஆர்க் மோட் ஆகியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஒத்திசைவில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. இணையத் தொடர்பு இல்லாதபோது ஒரே குறிப்பைக் கைப்பேசியில் ஒரு விதமாகவும் அலுவலகக் கணிப்பொறியில் வேறு விதமாகவும் திருத்திவிட்டோம் எனக் கொள்வோம். தொடர்பு மீண்டும் கிட்டியதும் எத்திருத்தம் நிலைக்கும்? சில செயலிகள் இரண்டையும் தனித்தனிப் பிரதிகளாக வைத்து, முரண்பாடு நேர்ந்தது என்று அறிவிக்கின்றன. ஜாப்ளின் இதற்கென ஒரு தனி ஏட்டையே வைத்திருக்கின்றது. வேறு சில, கடைசியாக வந்ததை மட்டும் ஏற்று, முந்தையதை ஓசையின்றி நீக்கிவிடக்கூடும். அளவீடுகளைக் குறித்து வைப்பவருக்கு இது சிறிய விஷயமன்று.

மூடப்பட்ட ஏடுகள்

காகித நோட்டுப் புத்தகத்தைச் செய்த தொழிற்சாலை மூடப்பட்டாலும் நம் அலமாரியிலுள்ள புத்தகத்திற்கு ஊறு நேர்வதில்லை. மின் குறிப்பேட்டின் நிலை வேறு. கூகுள் நிறுவனம் 2006-இல் ‘கூகுள் நோட்புக்’ என்னும் சேவையைத் தொடங்கிற்று. 2009-இல் அதன் வளர்ச்சிப் பணி நிறுத்தப்பட்டது. 2012-இல் சேவையே மூடப்பட்டது. குறிப்புகளை அந்நிறுவனம் தன் மற்றொரு சேவைக்கு மாற்றித் தந்தது. அடுத்த ஆண்டே, 2013-இல், ‘கீப்’ என்னும் புதிய குறிப்புச் செயலியை அதே நிறுவனம் வெளியிட்டது என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

எவர்நோட்டின் வரலாறு இதனினும் படிப்பினை மிக்கது. 2008-இல் பொதுமக்களுக்குக் கிடைத்த அச்செயலி, பல ஆண்டுகள் இத்துறையில் முதலிடம் வகித்தது. இத்தாலிய நிறுவனமொன்று அதனை வாங்கும் செய்தி 2022-இல் வெளியாயிற்று. 2023 டிசம்பரில், கட்டணம் செலுத்தாதோர் 50 குறிப்புகளும் ஒரே ஓர் ஏடும் மட்டுமே வைத்திருக்கலாம் என வரையறுக்கப்பட்டது. அதற்கு மேல் ஏற்கெனவே வைத்திருந்தோர் அவற்றைப் படிக்கவும் திருத்தவும் வெளியே எடுக்கவும் தடையில்லை. புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கே தடை. ஒரு வணிக நிறுவனம் தன் விதிகளை மாற்றிக்கொள்ளுதல் அதன் உரிமையே. பத்தாண்டுக் குறிப்புகளை அங்கே வைத்தவர் அதற்கு ஆயத்தமாயிருந்தாரா என்பதே கேள்வி. எவர்நோட்டிலிருந்து குறிப்புகளை ஒரு கோப்பாக வெளியே எடுக்க வழி உண்டு. அக்கோப்பை ஜாப்ளின் போன்ற பிற செயலிகள் படிக்கவும் செய்கின்றன. ஆகவே விழிப்புடன் இருந்தோர் இழந்தது சில மாலைப் பொழுதுகளே.

வெளியே எடுக்கப்படும் கோப்பு எவ்வடிவில் உள்ளது என்பது இங்கு முக்கியமாகும். வெற்று எழுத்துக் கோப்பை எக்கணிப்பொறியும் படிக்கும். 2004-இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட மார்க்டவுன் என்னும் முறை இதனையே அடிப்படையாகக் கொண்டது. தலைப்புக்கு முன் ஒரு குறி, அழுத்தமான சொல்லின் இருபுறமும் நட்சத்திரக் குறி என்றாற்போல், எவரும் வெறுங் கண்ணால் படித்துப் புரிந்துகொள்ளத்தக்க சில அடையாளங்களே அதில் உள. ஆப்சிடியன் தன் குறிப்புகளை இவ்வடிவக் கோப்புகளாகவே நம் கருவியில் வைக்கின்றது. அச்செயலி நாளை மறைந்தாலும் கோப்புகள் எஞ்சும். நோஷனிலிருந்தும் மார்க்டவுன் வடிவில் வெளியே எடுக்கலாம். ஆயினும் அதன் சிறப்பாகிய இணைப்பட்டியல்கள் பெயர்ந்து செல்கையில் தம் ஒழுங்கில் ஒரு பகுதியை இழக்கும். கூகுள் கீப்பிலுள்ளவற்றை ‘டேக்அவுட்’ என்னும் வசதியின் மூலம் பெறலாம்.

தமிழில் எழுதுவோருக்கு இந்த அனுபவம் புதிதன்று. 1990-ஆம் ஆண்டுகளில் கணிப்பொறியில் தமிழ் எழுதியோர் பாமினி முதலான எழுத்துருக்களைக் கையாண்டனர். அவற்றில், ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவம் வரையப்பட்டிருக்கும். எழுத்துரு உள்ள கணிப்பொறியில் அது தமிழாகத் தோன்றும். இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தோன்றும். 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டில் ஒழுங்கு காண முயற்சி மேற்கொள்ளப்பட்டது. உலகப் பொதுக் குறியீடாகிய யூனிகோடில் 1991 முதலே தமிழ் இடம் பெற்றிருந்தும், தமிழ்நாட்டு அரசு அதனை ஏற்றது 2010-இல்தான். அந்த இடைக்காலத்தில் எழுதப்பட்ட ஆய்வேடுகளும் சொற்பட்டியல்களும் கடிதங்களும் எத்தனையோ இன்று பழைய தட்டுகளில் படிப்பாரற்றுக் கிடக்கின்றன. பலவற்றை மாற்றித் தரும் கருவிகள் உண்டு என்பது ஆறுதலே. எந்த எழுத்துருவில் எழுதினோம் என்ற நினைவு இருந்தால் வேலை எளிதாகும். மின் குறிப்பேட்டைத் தேர்ந்தெடுக்கும் தமிழர், பொது வடிவம் என்பதன் அருமையைப் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டுவதில்லை.

குறிப்பைக் கண்டெடுத்தல்

இனி முதல்வகை வெளியெடுத்தலைக் காண்போம். குறிப்புகளை அடுக்கி வைக்கப் பெரும்பாலான செயலிகள் உறைகளை அளிக்கின்றன. உறையின் குறை யாதெனில், ஒரு குறிப்பு ஓர் உறையில்தான் இருக்க முடியும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றிய குறிப்பை ‘புயல்’ என்ற உறையில் இடுவதா, ‘இராமேசுவரம்’ என்ற உறையில் இடுவதா, ‘1964’ என்ற உறையில் இடுவதா?

இக்கேள்வியை நூலக அளவில் ஆராய்ந்து விடை கண்டவர் நம் நாட்டவரே. சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக விளங்கி, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1933-இல் கோலன் வகைப்பாட்டு முறையை வெளியிட்டார். ஒரு நூலின் பொருளை ஒரே கிளையில் தொங்கவிடாமல், அதன் பல முகங்களாகப் பிரித்து, இடம், காலம், நிகழ்வு எனத் தனித்தனியே குறித்துப் பின் சேர்ப்பது அதன் சாரம். இன்றைய செயலிகளில் ‘டேக்’ என வழங்கும் அடையாளச்சீட்டு இதே பணியைச் செய்கின்றது. ஒரே குறிப்புக்கு இடம், காலம், நிகழ்வு என மூன்று சீட்டுகளை ஒட்டலாம். எதைக் கொண்டு தேடினும் அது வரும். எனினும் ரங்கநாதன் முகங்களைக் கட்டுப்பாட்டுடன் வகுத்தார். நாமோ ‘மழை’, ‘மழைப்பொழிவு’, ‘மழையளவு’ என மனம் போனவாறு ஒட்டிவிட்டுப் பின்னர் எது எங்கே எனத் திகைக்கின்றோம். இருபது அல்லது முப்பது சீட்டுப் பெயர்களை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு அவற்றுள் அடங்குதல் நலம்.

உறையும் சீட்டும் எதற்கு, சொல்லை இட்டுத் தேடினால் போதாதோ எனச் சிலர் வினவலாம். ஆங்கிலத்தில் குறிப்பெழுதுவோருக்கு அது பெரும்பாலும் போதும். தமிழில் போதாது, காரணம் நம் மொழியின் அமைப்பேயாகும். ‘மரம்’ என்ற சொல் வேற்றுமை ஏற்கும்போது ‘மரத்தை’, ‘மரத்தில்’ என்றும், பன்மையில் ‘மரங்கள்’ என்றும் மாறுகின்றது. ‘மரம்’ என இட்டுத் தேடினால் இம்மூன்றில் ஒன்றும் அகப்படாது. ‘மர’ என இட்டால் யாவும் வரும். மரபும் மரணமும் உடன் வரும். ‘பருவமழை’ என எழுதியதை ‘மழை’ என்று தேடினால், சொல்லின் நடுவிலும் தேடும் செயலிகளில் கிடைக்கும்; சொல்லின் தொடக்கத்தை மட்டும் ஒப்பிடுபவற்றில் கிடைக்காது. ‘நிலத்தடி நீர்’ எனப் பிரித்து எழுதியதும் ‘நிலத்தடிநீர்’ எனச் சேர்த்து எழுதியதும் கணிப்பொறிக்கு வெவ்வேறு.

இன்னொரு நுட்பமும் உண்டு. யூனிகோடில் ‘கொ’ என்னும் எழுத்தை இரு வழிகளில் அமைக்கலாம். ககரத்துடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு வழி. எகரக் குறியையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொரு வழி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் சமமாகக் கொள்ள வேண்டும் என்பது யூனிகோடின் விதி. ஆயினும் எல்லாச் செயலிகளும் அவ்விதியைப் பின்பற்றித் தேடுகின்றன எனச் சொல்ல இயலாது. ‘ஸ்ரீ’ என்பதற்கும் இவ்வாறே இரு அமைப்புகள் உள. வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டிய பகுதியில் கண்ணெதிரே உள்ள சொல்லைச் செயலி ‘இல்லை’ என்று கூறினால், பெரும்பாலும் இதுவே காரணமாயிருக்கும்.

இதற்கு எளிய பரிகாரம் ஒன்று உண்டு. ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் ஒரு வரியில், அகராதியில் உள்ள வடிவிலேயே நான்கைந்து திறவுச்சொற்களை எழுதி வைக்கலாம். கலைச்சொற்கள் காலந்தோறும் மாறி வந்துள்ளமையால், ‘வெப்பநிலை, உஷ்ணநிலை, டெம்பரேச்சர்’ என மாற்றுச் சொற்களையும் உடன் சேர்ப்பது நன்று. இருபது ஆண்டுகளுக்குப் பின் நாம் எச்சொல்லை நினைவு கூர்வோம் என்பதை இன்று அறியோம்.

படமாக எடுத்த பக்கங்களிலுள்ள எழுத்துகளையும் படித்துத் தேடும் ஆற்றல் சில செயலிகளுக்கு உண்டு. ஆங்கில அச்செழுத்தில் அது வியக்கத்தக்கவாறு செயற்படுகின்றது. தமிழ்க் கையெழுத்திலும் அவ்வாறே செயற்படும் என நம்பி, பக்கங்களைப் படமெடுத்துவிட்டு மூலத்தை எறிந்துவிடுதல் கூடாது. தம் கையெழுத்தில் ஒரு பக்கத்தைச் சோதித்துப் பார்த்து அவரவரே முடிவு செய்துகொள்க.

பணிக்கேற்ற தேர்வு

எல்லோருக்கும் ஏற்ற செயலி என ஒன்று இல்லை. பணியின் போக்கை நோக்கியே தேர்வு அமையும்.

மேற்குத் தொடர்ச்சி மலையிலோ அருணாசலப் பிரதேசத்துக் காடுகளிலோ தாவர மாதிரிகளைச் சேகரிப்பவரை எண்ணிப் பார்ப்போம். கைப்பேசிக் கோபுரத்தின் தொடர்பு அவருக்கு நாட்கணக்கில் கிட்டாது. செயற்கைக்கோள் வழி இடத்தை அறியும் வசதி தொடர்பின்றியும் இயங்கும். ஆனால் தொடர்பை நாடும் குறிப்புச் செயலி திறக்கவே மறுக்கும். நோஷன் செயலியில் தொடர்பின்றி வேலை செய்யும் வசதி 2025 ஆகஸ்டில்தான் சேர்க்கப்பட்டது. அதிலும் வேண்டிய பக்கங்களை முன்கூட்டியே கருவியில் இறக்கி வைத்தல் வேண்டும். இத்தகைய பணியாளருக்கு, மூலப்பிரதியைக் கருவியிலேயே வைக்கும் செயலியே ஏற்றது. மழையிலும் குளிரிலும் மின்கலம் தளர்ந்துவிடும் என்பதால், சட்டைப்பையில் ஒரு சிறு புத்தகமும் பென்சிலும் எப்போதும் இருத்தல் வேண்டும் என்பதை அனுபவமுள்ளோர் அறிவர். மாதிரியின் எண்ணைக் காகிதத்திலும் செயலியிலும் ஒன்றாகவே இட வேண்டும்.

கட்டுரைகளைப் படித்துக் கருத்துகளைத் தொகுப்பவருக்கு, லூமானின் சீட்டுகளைப் போல் குறிப்புக்குக் குறிப்பு இணைப்பு இடும் வசதி பயன்படும். ஆப்சிடியனிலும் ஆர்க் மோடிலும் இது இயல்பாக அமைந்துள்ளது. இங்கே ஓர் எச்சரிக்கை: இணைப்புகளை வரைபடமாகக் காட்டும் திரை கண்ணைக் கவரும், அதனை அழகுபடுத்துவதிலேயே வாரங்கள் கழிந்துவிடும். படிக்க வேண்டிய கட்டுரை மேசையின்மேல் காத்திருக்கும்.

ஆய்வுக்கூடத்தின் முறையான பதிவேட்டுக்குச் சாதாரணக் குறிப்புச் செயலி ஏற்றதன்று. பக்க எண்ணிட்டுக் கட்டிய ஏட்டில் தேதியும் கையொப்பமும் இட்டு எழுதும் மரபு, எவர் எப்போது எதைக் கண்டார் என்பதற்குச் சான்றாக நிற்பதற்கே ஏற்பட்டது. ஒவ்வொரு திருத்தத்தையும் நேரத்துடன் பதிந்து, பின்னர் எவரும் அழிக்க இயலாதவாறு காக்கும் ஆய்வக மின்பதிவேடுகள் தனியே உள்ளன. அவ்வசதி இல்லாதவிடத்துக் கட்டிய ஏடே மேலானது.

சொற்பட்டியல் தொகுக்கும் மொழிபெயர்ப்பாளர் போன்றோருக்குக் குறிப்பேட்டைவிட அட்டவணையே உதவும். சொல், அதன் நேர்ச்சொல், எந்நூலில் கண்டது, எந்நாளில் ஏற்றது, ஏன் ஏற்றது எனப் பத்திகள் வேண்டும். கடைசிப் பத்தியைப் பலரும் விட்டுவிடுகின்றனர். பின்னர் வருவோர் அதே விவாதத்தை மீண்டும் தொடங்குகின்றனர்.

பலர் கூடிப் பயன்படுத்தும் குறிப்பேடாயின், ஒன்நோட், நோஷன் போன்றவை சௌகரியமானவை. 2003-ஆம் ஆண்டின் ஆபீஸ் தொகுப்புடன் அறிமுகமான ஒன்நோட்டில், பக்கத்தின் எவ்விடத்திலும் எழுதலாம், மின்பேனாவால் வரையலாம்; சமன்பாடுகளும் படங்களும் நிறைந்த பணிக்கு இது பொருந்தும். கூட்டுக் குறிப்பேட்டில் கேட்க வேண்டிய முதற் கேள்வி, கணக்கு எவர் பெயரில் உள்ளது என்பதாகும். ஓர் ஊழியரின் சொந்தக் கணக்கில் தொடங்கிய ஏடு, அவர் இடமாற்றம் பெற்றோ ஓய்வு பெற்றோ செல்லும்போது அவருடனேயே சென்றுவிடும். இடமாற்றம் மிகுந்த நம் அலுவலகங்களில் இதனை நினைவிற் கொள்ளுதல் அவசியம்.

கடைச் சாமான், தொலைபேசி எண், நாளைய சந்திப்பு போன்ற சில்லறைக் குறிப்புகளுக்குக் கீப் போன்ற எளிய செயலியே போதும். அவற்றுக்கு நீண்ட ஆராய்ச்சி வேண்டுவதில்லை.

விரிவுரை கேட்டுக் குறிப்பெடுக்கும் மாணவர், தட்டச்சு நல்லதா பேனா நல்லதா எனக் கேட்பதுண்டு. அமெரிக்காவில் பாம் மியூலர், டேனியல் ஓப்பன்ஹைமர் ஆகிய இருவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கையால் எழுதியோர் கருத்தை விளக்கும் வினாக்களுக்கு மேலாக விடையளித்தனர் எனக் கண்டனர். தட்டச்சிடுவோர் கேட்டதை அப்படியே பதிந்துவிடுகின்றனர் என்பது அவர்கள் கூறிய காரணம். 2019-இலும் 2021-இலும் வெளியான மறுசோதனைகளில் விடையளிக்கும் திறனில் அத்தகைய தெளிவான வேறுபாடு கிட்டவில்லை. சொல்லுக்குச் சொல் பதியும் பழக்கம் மட்டும் மீண்டும் காணப்பட்டது. எனவே கருவியைக் குறை கூறுவதைவிட, கேட்டதைத் தம் சொற்களில் சுருக்கி எழுதப் பழகுவதே மாணவர் செய்யத்தக்கது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு குறிப்பைத் தானே சுருக்கித் தரும் வசதி இப்போது பல செயலிகளில் வந்துள்ளது. அதனைத் தேடுதலுக்குத் துணையாகக் கொள்ளலாம். படித்தலுக்கு மாற்றாகக் கொண்டால் குறிப்பு மட்டும் வளரும்.

இரகசியமும் காப்பும்

அரசாங்க இரகசியங்களையும், நோயாளிகள் முதலியோரைப் பற்றிய சொந்த விவரங்களையும் தனியார் நிறுவனத்தின் சர்வரில் குறிப்பாக இடுதல் தகாது. அவற்றுக்கென அலுவலகம் விதித்துள்ள முறைகள் உண்டு. 2023-இல் நிறைவேறிய எண்ம முறைத் தனிமனித விவரப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. ஜாப்ளின், ஸ்டாண்டர்ட் நோட்ஸ் போன்ற சில செயலிகள், குறிப்பு நம் கருவியை விட்டு நீங்குமுன்பே அதனை மறைகுறியாக்கும் வசதியை அளிக்கின்றன. களஞ்சியத்தை நடத்துவோராலும் அதனைப் படிக்க இயலாது. மறைசொல்லை மறந்தால் நம்மாலும் படிக்க இயலாது. மீட்டுத் தர எவரும் இலர். அம்மறைசொல்லைக் காகிதத்தில் எழிதிப் பத்திரங்களுடன் வைப்பது பழைய முறையாயினும் சிறந்ததே.

ஒத்திசைவு இருப்பதால் காப்புப் பிரதி தேவையில்லை எனப் பலர் நினைக்கின்றனர். கைப்பேசியில் தவறி அழித்த குறிப்பு, ஒத்திசைவின் காரணமாகவே சில நொடிகளில் எல்லாக் கருவிகளிலும் அழிந்துவிடும். ஆதலின் மாதம் ஒருமுறையேனும் அனைத்தையும் வெளியே எடுத்து, தொடர்பில்லாத வேறொரு வட்டில் வைத்தல் வேண்டும். இதற்கு இடம் அதிகம் தேவையில்லை. தமிழ்க் குறியீடு ஒன்று வழக்கமான முறையில் 3 பைட்டுகளைக் கொள்ளும். ஆயிரம் குறியீடுகளைக் கொண்ட ஒரு குறிப்பு 3,000 பைட்டுகள். அத்தகைய 10,000 குறிப்புகள் 3 கோடி பைட்டுகள். கைப்பேசியில் எடுத்த பத்துப் புகைப்படங்களே ஏறத்தாழ அவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும்.

இரு வாரச் சோதனை

ஒரு செயலியில் குடிபுகுமுன் இரு வாரம் அதனைச் சோதித்தல் தகும். தம் உண்மையான பணியிலிருந்தே இருபது குறிப்புகளை அதில் இடுக. நீண்ட தமிழ்ப் பத்தி ஒன்று, ஓர் அட்டவணை, ஒரு படம், ஒரு சமன்பாடு ஆகியவை அவற்றுள் இருக்கட்டும். ‘பருவமழை’ என எழுதி ‘மழை’ எனத் தேடிப் பார்க்க. இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு ஒரு முழு நாள் வேலை செய்க. இரு கருவிகளில் ஒரே குறிப்பை வெவ்வேறாகத் திருத்தி, என்ன நேர்கின்றது எனக் காண்க. இறுதியில் அனைத்தையும் வெளியே எடுத்து, அச்செயலி இல்லாத வேறொரு கணிப்பொறியில் திறக்க. எழுத்துகள் சரியாக உள்ளனவா, படங்கள் வந்தனவா, எழுதிய தேதிகள் எஞ்சினவா என ஒவ்வொன்றாக நோக்குக. தேதிகளே பெரும்பாலும் முதலில் தொலைபவை. ஆகவே குறிப்பின் முதல் வரியில் தேதியைத் தாமே எழுதிவிடுதல் நல்ல பழக்கம்.

மாதக் கட்டணம் உள்ள செயலியாயின், அத்தொகையை 120-ஆல் பெருக்கிப் பத்தாண்டுச் செலவு எவ்வளவு எனக் கணக்கிடுக. செலுத்துவதை நிறுத்தினால் பழைய குறிப்புகளைப் படிக்கவேனும் விடுவார்களா என்பதை விதிகளில் தேடிப் படிக்க வேண்டும்.

பல்லாண்டுகளாகச் சேர்ந்துள்ள காகித ஏடுகளை என் செய்வது என்னும் கேள்வி எஞ்சுகின்றது. அனைத்தையும் தட்டச்சிட முற்படுவோர் பெரும்பாலும் மூன்றாவது ஏட்டுடன் நின்றுவிடுகின்றனர். ஏடுகளுக்கு வரிசையாக எண் இட்டு, ஒவ்வொன்றிலும் பக்க எண் இட்டு, ‘ஏடு 7, பக்கம் 43, கிணற்று நீர்மட்டம், மே 1998’ என்பதுபோல் ஒரு வரிப் பட்டியலை மட்டும் செயலியில் எழுதினால் போதும். ஒரு மாலையில் ஓர் ஏட்டை முடித்துவிடலாம். அடிக்கடி வேண்டப்படும் பக்கங்களை மட்டும், ஏட்டின் எண்ணும் பக்க எண்ணும் படத்திற்குள் விழுமாறு படமெடுத்து, அப்பட்டியலின் வரியோடு சேர்த்துக்கொள்க. ஏடுகளை ஈரமும் கறையானும் அணுகாத அலமாரியில் எண் வரிசையில் நிறுத்தி வைக்கலாம்.